பழி பம்பு மேல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் நின்றுவிட்டது. பின் சீட்டில் மடியில் பூக்கூடையுடன் வயதான அம்மாள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய மகன். அவர் ரிடயரான குமாஸ்தா. சுற்றிலும் நாலு பேர். நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "பம்பு போச்சு!"

இரண்டு வாரத்தில் இரண்டு பம்பு மாற்றியாகிவிட்டது. இதையும் கழற்றினால் மூன்றாவது. பென்ஷன் பணத்தில் இன்னும் எத்தனை பம்பு வாங்குவது? வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யாரோ போன் செய்து, தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார மேஸ்திரியை வரவழைத்தார்கள்.

மேஸ்திரி பம்பைத் தொடவே இல்லை. டாங்கியிலிருந்து வரும் உலோகக் குழாயையும் பம்பையும் இணைக்கும் ரப்பர் ட்யூபை மடக்கிப் பார்த்தார். அடிப்பக்கம் வெடித்திருந்தது.

"சார்வாள், பம்பு நல்லாத்தான் இருக்கு. பெட்ரோலுக்குப் பதிலா காத்தைக் குடிச்சிட்டிருக்கு" என்றார்.

டாக்சி போனது, கார் இருக்கிறது

குர்லா தொழிற்சாலையில் உருவான பத்மினி, மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகவே பெயர் பெற்றது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சிக்கு 2023 அக்டோபரில் காலக்கெடு முடிந்தது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு பத்மினியும், அம்பாசிடரும், பழைய மாருதி 800ம் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. இவற்றின் பம்பு, இஞ்சினோடு ஒட்டியிருக்கும் எளிய கருவி.

இஞ்சினுக்குள் சுற்றும் கேம் ஷாப்ட்டின் மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது 'டயாப்ரம்' என்ற ஜவ்வைக் கீழே இழுக்கும். அப்போது டாங்கியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். அடியிலுள்ள ஸ்பிரிங் ஜவ்வை மேலே தள்ளும்போது பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். ஒரு வால்வு உள்ளே விட, இன்னொன்று வெளியே விட. இதுதான் மொத்த வித்தை.

உறிஞ்சுகிற பக்கத்தில் ட்யூப் வெடித்தால் வெளியே பெட்ரோல் சொட்டாமலே இருக்கக்கூடும். காற்று உள்ளே போகும். ஈரம் தெரியாததால் யாரும் ட்யூபைச் சந்தேகிப்பதில்லை. பழி பம்பு மேல் விழுகிறது.

முதலில் எதைப் பார்ப்பது?

ஓடுகிற வண்டி விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இருமி, திணறி, இழுத்து நின்றால் பெட்ரோல் கோளாறாக இருக்கலாம். அப்படியானால் செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும்.

பெட்ரோல் முள் பொய் சொல்லும்; டாங்கியில் உண்மையிலேயே பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்தது டாங்கி மூடி. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் பிறகு ஒழுங்காக ஓடினால், டாங்கிக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு பில்டர், ரப்பர் ட்யூப், கிளிப். கார்புரேட்டர் வாயிலில் வடிகட்டி இருந்தால் அதிலும் துரு சேர்ந்திருக்கலாம்.

மே மாத வெயிலில் கண்டாலா மலைப்பாதை ஏறும்போது நின்றுபோய், அரை மணி ஆறியதும் தானே கிளம்பினால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் குமிழி கட்டியிருக்கலாம். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது டிரைவர்களின் பழைய வைத்தியம். இதற்கும் புதுப் பம்பு தேவையில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் பம்புக்குப் பரீட்சை. இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடாது. பொறி எழாதபடி காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட வேண்டும். கார்புரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்லலாம். விட்டு விட்டு பலமாகப் பீய்ச்சினால் பம்பு நல்லது. முக்கி முனகிச் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவதானால்...

பாட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். டாங்கிப் பக்க ட்யூபை உடனே அடைக்காவிட்டால் பெட்ரோல் தானாக வழியக்கூடும். பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பாக்கிங் பழைய கனத்திலேயே இருக்க வேண்டும். கனம் கூடினால் நெம்புகோலின் வீச்சு குறையும், பெட்ரோலும் குறையும். கனம் குறைந்தால் நெம்புகோல் அளவுக்கு மேல் இடிபடும். கேமின் மேடு விலகி நிற்கும்படி இஞ்சினைத் திருப்பி வைத்துக்கொண்டு, நெம்புகோல் சரியான பக்கம் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே நட்டுகளை முறுக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குவது நல்லது.

சோர் பஜாரிலும் குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலும் பழைய பம்புகள் தேடினால் கிடைக்கும். ஆனால் பல வருஷம் அலமாரியில் கிடந்த ஜவ்வு காய்ந்து விறைத்திருக்கலாம். 2025ல் நாடெங்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களுக்கு இது ஆகாது. எனவே எத்தனால் தாங்கும் ஜவ்வும் ட்யூபும்தானா என்று கடையில் கேட்டு வாங்குவது அவசியம்.

2000க்குப் பின் வந்த இஞ்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றின் மின்சாரப் பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கும். இஞ்சினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். சாலையோரத்தில் அதைக் கழற்றுவது ஆபத்து.

முகர்ந்து பார்த்தார்

செம்பூரில் மேஸ்திரி புது ட்யூப் போட்டு கிளிப்பை முறுக்கினார். பூஜைக்கு நேரமாகிறதே என்று குமாஸ்தா ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"சாவியைத் தொடாதீங்க!" என்றார் மேஸ்திரி.

ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. முகர்ந்தார். பெட்ரோல் வாடை.

விஷயம் இதுதான். முதல் பம்பு உண்மையாகவே கெட்டுப்போனது. அதன் ஜவ்வு கிழிந்து பெட்ரோல் இஞ்சின் ஆயிலில் இறங்கியிருந்தது. பம்பை மாற்றியவர் ஆயிலை மாற்றவில்லை. பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது. இஞ்சினுக்குள் சேரும் ஆவி தீப்பிடிக்கவும் கூடும். பம்பு சில ஆயிரத்தில் முடிகிற செலவு. இஞ்சின் போனால் வண்டியே போச்சு. வண்டிக்குள் இருப்பவர்களின் உயிரோ விலைக்கு வராது.

"இந்த ஆயிலோட ஒரு அடி நகர்த்தக் கூடாது சார்வாள்."

"சரி அண்ணாச்சி" என்று குமாஸ்தா இறங்கினார்.

பூக்கூடையும் அம்மாளும் ஆட்டோவில் கோயிலுக்குப் போனார்கள். காரைக் கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். மறுநாள் ஆயிலும் ஆயில் பில்டரும் மாற்றிய பிறகுதான் மேஸ்திரி சாவியைத் திருப்ப விட்டார். இரண்டாம் முறை போட்ட பம்பு அப்படியே இருந்தது. வண்டி ஒரே முறையில் கிளம்பியது.