மராஷ் தையலும் பழைய சட்டையும்

விடுதியில் வாழும் மாணவர் எவரிடமும் ஒரு பழைய சட்டையேனும் இருக்கும். பையோரம் சிறிது கிழிந்திருக்கும். அல்லது மைக்கறை படிந்திருக்கும். அணியவும் கூசும், எறியவும் மனம் வராது. இத்தகைய துணிக்கு மறுவாழ்வு அளிக்க ஏற்றதொரு பூத்தையல் ஆர்மீனியரிடம் உண்டு.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். சென்னையின் அரண்மனைக்காரன் தெரு என்பது ஆர்மீனியன் தெருவின் மரூஉவே. ஆர்மீனிய மொழியின் முதல் இதழ் 1794-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. அங்கு வந்தோர் பெரும்பாலும் பாரசீகத்து வழி வந்த வணிகர். நாம் இங்குக் காணும் தையலோ, இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள மராஷ் நகரத்து ஆர்மீனியருடையது.

1915-இல் ஆட்டோமன் அரசு ஆர்மீனியரை அவர்தம் ஊர்களிலிருந்து துரத்தியது. பல லட்சம் பேர் மாண்டனர். தப்பி மீண்டும் மராஷ் திரும்பியோரும் 1920-க்குப் பின் அங்கே நிலைத்திருக்க இயலவில்லை. அலெப்போ, பெய்ரூட் போன்ற நகரங்களில் தஞ்சம் புகுந்தனர். வீடும் நிலமும் உடன் வரவில்லை. விரல் பழகிய தையல் வந்தது. அகதிப் பெண்கள் பலருக்கு அன்று சோறிட்டது ஊசி வேலையே.

இத்தையலின் அமைப்பு யாது? இதில் இரண்டு படிகள் உண்டு. முதலில் துணியில் குத்தி, நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒரு சட்டகம் கட்டுவர். அடுத்து, இரண்டாம் நூலை அச்சட்டகத்தின் இழைகளுக்கு மேலும் கீழுமாக, பாய் முடைவதுபோல், கோத்துச் செல்வர். இப்படியில் ஊசி துணியைத் துளைப்பதே இல்லை. பின்னல் முடிந்ததும் சிலுவை போன்ற தடித்த பூவொன்று எழும். நம் நாட்டில் கச்சுப் பகுதியிலும் இவ்வகைப் பின்னல் வழங்குகிறது.

பழந்துணிக்கு இது பொருந்துவதன் காரணம் இப்போது விளங்கும். துளைகள் குறைவு, ஆகவே நைந்த இழைகள் மேலும் அறுவதில்லை. நூலோ அடர்ந்து நின்று கறையை மறைத்துவிடுகிறது.

செய்ய விரும்புவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கிழிசலாயின் முதலில் அடியில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வண்ண நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் போகாததையே எடுங்கள். சட்டகத்தில் எந்த இழை மேல், எந்த இழை கீழ் என்னும் ஒழுங்கு தவறினால் பின்னல் கூடாது. எனவே முதலில் தாளில் வரைந்து பாருங்கள். இரண்டாம் படிக்கு முனை மழுங்கிய ஊசியே நன்று. பூ சிறிதாக இருக்கட்டும்; பெரிதானால் நூல் தொளதொளத்து எதிலேனும் மாட்டிக்கொள்ளும்.

சட்டையைக் கண்டு நண்பர் வினவினால், ‘மராஷ் தையல்’ என்று பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை வளர்த்த மக்கள் இன்று அவ்வூரில் இல்லை. அவர்கள் இழந்த ஊரின் பெயரை அத்தையலே தாங்கி நிற்கிறது.