அவரைக்காய் மீது பழி வேண்டாம்

அரசாங்க மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் தாய்மார்களில் சிலர், குழந்தையின் உடல்நலப் புத்தகத்தோடு இன்னொரு விவரத்தையும் கொண்டு வருகிறார்கள். 'ஜி-6-பி-டி குறைபாடு' என்று அதில் குறித்திருக்கும். தாதி மலாயிலோ ஆங்கிலத்திலோ விளக்கியிருப்பார். பிரசவக் களைப்பில் கிடக்கும் பெண்ணின் மனத்தில் நிற்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏதோ பீன்ஸ் கொடுக்கக் கூடாதாம்."

வீட்டுக்கு வந்ததும் அந்த பீன்ஸ் அவரைக்காயாகிவிடுகிறது. அன்று முதல் பாட்டி அவரைக்காயை அடுப்படிப் பக்கம் சேர்ப்பதில்லை. ஆனால் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட, பாச்சை உருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து தம் பழைய சேலையை எடுத்துக் கொடுக்கிறார். காவல் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்!

ஜொகூர் மாநிலத் தோட்டப் பள்ளியில் பணியாற்றும் எனக்கு, இதைப் பற்றிக் கேட்கும் பெற்றோரைச் சந்திப்பது புதிதல்ல. அவர்களுக்குச் சொல்லி வருவதையே இங்கே எழுதுகிறேன்.

குறை எங்கே இருக்கிறது?

நம் இரத்தத்திலுள்ள சிவப்பு அணு ஏறக்குறைய 120 நாட்கள் உயிர் வாழும். அதுவரை அது அழிந்துவிடாமல் காக்கும் பொருள்கள் அதற்குள்ளேயே உற்பத்தியாகின்றன. அந்த உற்பத்திக்கு உதவும் நொதியின் சுருக்கப் பெயர்தான் ஜி-6-பி-டி. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவாக இருக்கிறது. சாதாரண நாட்களில் இவர்கள் எல்லாரையும் போலவே இருப்பார்கள். ஓடுவார்கள், ஆடுவார்கள், படிப்பிலும் குறைவு இராது. ஒவ்வாத மருந்தோ உணவோ உள்ளே போனாலும், கடுமையான தொற்றுநோய் கண்டாலும், சிவப்பு அணுக்கள் கூட்டங் கூட்டமாக உடைந்துவிடும்.

இந்த உண்மை மலேரியா மருந்தால் வெளிப்பட்டது. பிரிமாகுவின் என்ற மருந்தை உட்கொண்டவர்களில் சிலருக்கு மட்டும் இரத்தம் உடைவதைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள், அதற்குக் காரணம் இந்த நொதிக் குறைவே என்று 1956-இல் கண்டறிந்தனர். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறை உண்டு. மலேரியா பரவியிருந்த நாடுகளில் இது மிகுதி. மலேரியாக் கிருமியின் கொடுமையிலிருந்து இக்குறை ஓரளவு பாதுகாப்புத் தருவதால், அது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது என்பது அறிஞர் கருத்து. நம் நாட்டில் சீனர், மலாய்க்காரர்களிடையே கூடுதலாகவும் இந்தியர்களிடையே குறைவாகவும் காணப்படுகிறது. குறைவு என்பதால் நமக்கு இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

எந்த விதை அது?

மருத்துவர்கள் சொல்வது 'பிராட் பீன்ஸ்' அல்லது 'ஃபாவா பீன்ஸ்'. மலாயில் கச்சாங் பாராங் என்பார்கள். சீனர்கள் இந்தக் குறைபாட்டையே அந்த விதையின் பெயரால்தான் அழைக்கிறார்கள். பெரிதாய், தட்டையாய், பழுப்புத் தோலோடு, ஓர் ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டதுபோல் இருக்கும். நம் ஊரில் அதைப் பெரும்பாலும் வறுத்து, உப்பிட்டு, கச்சாங் பூத்தேக் கடையிலும் சீனர் மளிகையிலும் விற்பார்கள். வைசின், கான்வைசின் என்ற இரு பொருள்கள் அதில் உள்ளன. அவை வயிற்றில் மாற்றமடைந்து இரத்த அணுவைத் தாக்குகின்றன.

நம் வீட்டு அவரைக்காயும் மொச்சையும் வேறு இனம். பிராட் பீன்ஸுக்கு அகராதியில் 'அவரை' என்று போட்டிருப்பதால் வந்த குழப்பமே இது. ஆகவே அவரைக்காய் மீது பழி போட வேண்டாம். கலவைக் கடலைப் பொட்டலத்தைப் பிள்ளை கையில் கொடுக்கும் முன், உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் பகை

பாச்சை உருண்டைகளில் பலவும் நாப்தலீன் என்னும் பொருளால் ஆனவை. அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலே இக்குழந்தைகளின் இரத்தம் உடையக்கூடும். சட்டை, போர்வை, தொட்டில் சேலை வைக்கும் பெட்டியில் உருண்டையே வேண்டாம். தவழும் குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் கேடு இன்னும் பெரிது.

தாய்மார்கள் அறியாத இன்னொன்று மருதாணி. கல்யாண வீட்டில் கைக்குழந்தைக்கும் ஆசையாக வைத்துவிடுகிறோம். அதன் சிவப்புக்குக் காரணமான லாசோன் தோல் வழியே உட்புகும். மருதாணி வைத்த பின் இக்குறையுள்ள குழந்தைகளுக்கு இரத்தம் உடைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மருந்துகளில் பிரிமாகுவின், தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டோயின் முதலியவை ஆகாதவை. எனவே கிளினிக்கில் பெயர் பதியும்போதே குறைபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு மாத்திரையும் பெயர் தெரியாத வேர் மருந்தும் வேண்டாம். பால் கொடுக்கும் தாயும் அந்த விதையைத் தவிர்ப்பதோடு, எந்த மருந்தையும் கேட்டே உண்ண வேண்டும்.

பிறந்த சில நாட்கள்

இக்குறையின் மிகக் கொடிய முகம் தெரிவது பச்சிளம் பருவத்தில்தான். மஞ்சள் காமாலை சட்டென ஏறி, மூளையைத் தாக்கலாம். அப்படித் தாக்கினால் உயிர் போகும்; பிழைத்தாலும் செவிப்புலனும் கைகால் இயக்கமும் பாதிக்கப்படும். நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில் பேராசிரியர் வோங் ஹோக் பூன் போன்ற குழந்தை மருத்துவர்கள் இதை ஆராய்ந்தனர். 1965 முதல் அங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் சோதிக்கப்பட்டது. குறையுள்ள சிசுக்களை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்ததால், மூளையைக் கெடுக்கும் காமாலை பெரிதும் குறைந்தது. 1980-களில் மலேசியாவிலும் இந்தச் சோதனை பரவலாயிற்று.

குழந்தையை ஐந்து நாள் வரை வைத்துக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், "வீட்டில் வெயிலில் காட்டிக்கொள்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டுத் தூக்கி வந்துவிடாதீர்கள். மருத்துவமனையின் நீல விளக்கு செய்வதைக் காலை வெயில் செய்யாது.

மருமகளை ஏசலாமா?

"உன் வழியில் வந்த வியாதி" என்று மருமகளைச் சாடும் வீடுகள் உண்டு. உண்மை என்ன? இக்குறை எக்ஸ் என்னும் இனக்கீற்றில் வருகிறது. மகனுக்கு அந்தக் கீற்று தாயிடமிருந்து மட்டுமே கிடைக்கும். ஒரு கீற்றில் மட்டும் குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது வர, பாதிக்குப் பாதி வாய்ப்பு. தந்தைக்குக் குறை இருந்தால் மகனுக்குப் போகாது; மகள்கள் அத்தனை பேருக்கும் போகும். ஆகவே இன்று குறை சொல்லப்படும் அந்தத் தாய், தன் தந்தையிடமிருந்தே அதைப் பெற்றிருக்கலாம். கண் நிறத்தையும் மூக்கின் அமைப்பையும் போல் வந்த ஒன்றுக்கு யாரை ஏசுவது? ஏசுவதில் கழியும் நேரத்தில் பெட்டியைச் சுத்தம் செய்யலாம்.

அடையாளங்களை மனத்தில் வையுங்கள். ஒவ்வாத ஒன்று உள்ளே போன ஓரிரு நாட்களில் பிள்ளை வெளுத்துப் போவான், சோர்ந்து படுப்பான், கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி ஓ போலக் கறுத்து வரும். அப்போது நாள் பார்க்காமல், வேப்பிலை தேடாமல், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். தின்ற பொட்டலத்தையோ உண்ட மருந்தையோ கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். தக்க நேரத்தில் சிகிச்சை கிடைத்தால், வேண்டுமானால் இரத்தம் ஏற்றி, பிள்ளையை மீட்டுவிடுவார்கள்.

இறுதியாக ஆசிரியை என்ற முறையில் ஒரு வேண்டுகோள். முதலாம் ஆண்டில் சேர்க்கும்போதே வகுப்பாசிரியரிடம் இதைத் தெரிவியுங்கள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையும் சுற்றுலாவும் பெற்றோர் கண் எட்டாத இடங்கள். பிள்ளைக்கும் ஏழு வயதில் இது புரியும். "எனக்கு ஜி-6-பி-டி குறை இருக்கிறது, அந்த விதை எனக்கு ஆகாது" என்று தயங்காமல் சொல்ல அவனைப் பழக்குங்கள். அம்மாவும் ஆசிரியரும் அருகில் இல்லாத நேரத்தில் அந்த ஒரு வாக்கியமே அவனுக்குக் காவல்.