உங்கள் தெருவின் குட்டிப் பூங்கா எங்கே?

பூங்கா என்றதும் ஏக்கர் கணக்கில் புல்வெளி, நீரூற்று, நுழைவுச்சீட்டு என்றுதான் நினைப்போம். ஆனால், குறுக்கே அளந்தால் வெறும் 2 அடி இருக்கும் பூங்காவும் உலகில் உண்டு!

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், சாலையின் நடுத்திட்டில் விளக்குக் கம்பத்துக்காக ஒரு குழி விட்டிருந்தார்கள். கம்பம் வரவில்லை, களைதான் முளைத்தது. தன் அலுவலக ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த பத்திரிகையாளர் டிக் ஃபேகன், அதில் பூச்செடிகளை நட்டார். 1948-ல், தான் எழுதிவந்த 'மில் எண்ட்ஸ்' பத்தியின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1976-ல் நகர நிர்வாகமே அதை முறைப்படி பூங்காவாக அறிவித்தது.

உலகின் மிகச்சிறிய பூங்கா என்ற கின்னஸ் பெருமை பல்லாண்டுகள் அதனிடம்தான் இருந்தது. 2025-ல் ஜப்பானின் நகாய்சுமி ஊரில் உள்ள 0.24 சதுர மீட்டர் பூங்கா அதைத் தட்டிச் சென்றது. அங்கே ஒருவர் உட்காரச் சின்ன இருக்கையும் உண்டு.

இரண்டு கிரவுண்டில் ஓர் அருவி

இதெல்லாம் வேடிக்கை என்றால், நியூயார்க்கின் பேலி பூங்கா நிஜமான பாடம். 1967-ல் திறக்கப்பட்ட இதன் பரப்பு சுமார் 4,200 சதுர அடி. நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் குறைவு! பின்சுவரில் 20 அடி உயரத்திலிருந்து கொட்டும் நீர், சாலை இரைச்சலை அமுக்கிவிடுகிறது. தலைக்கு மேல் மர நிழல். விரும்பிய பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ள நாற்காலிகள். நிழலும் இருக்கையும் இருந்தால் இடம் சிறியதென்று யாரும் குறை சொல்வதில்லை.

நம் ஊரில்?

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்பது இதுதான். தெருமுனைப் பூங்காக்கள் பலவும் இப்படி வந்தவையே.

யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் முதலில் குப்பை சேரும், பிறகு கார் நிற்கும், கடைசியில் கட்டடமே எழும்பும். பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்தார் கவனித்ததால் தப்பிய இடம் அது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* செல்போனில் கூகுள் மேப்பைத் திறந்து, உங்கள் தெருவை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னப் பச்சைத் துண்டுகள் அப்போதுதான் கண்ணில் படும்.

* வீட்டுப் பத்திரத்தோடு லே-அவுட் வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் 'பூங்கா' என்று குறித்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நேரில் பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

* வண்டியை விட்டுவிட்டு நடந்து போங்கள். தெருக்கோடிப் பூங்காவின் வாசல் வேகத்தில் தெரியாது.

கண்டுபிடித்தால், மாலையில் தாத்தா பாட்டியையும் பிள்ளைகளையும் அழைத்துப்போய் அரைமணி நேரம் உட்காருங்கள். ஒரு வேப்பமரமும் சிமென்ட் பெஞ்சும் போதும். தினமும் நாலு பேர் வந்து உட்காரும் பூங்காவில் கைவைக்க எவரும் யோசிப்பார்கள்!