தேங்கிய குடல்நீரில் பெருகும் நஞ்சு

வயிறு ஊதி, மலம் கழியாது வருந்தினால் ஊரிலே நாம் முதலில் தேடியது ஆமணக்கெண்ணெயை. டென்மார்க்கிற்கு வந்த பின்னரும் பேதிக்குக் குடிக்கும் அப்பழக்கம் நம்மிற் சிலரை விட்டு அகலவில்லை. குடல் அடைபட்டிருக்கும் வேளையில் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும்.

உண்டவை, குடித்தவை, உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் எனத் தினமும் ஏறத்தாழ 8 லீற்றர் நீர் நம் சிறுகுடலை அடைகின்றது. பெரும்பகுதியைக் குடலே மீள உறிஞ்சிக்கொள்கின்றது. இரைப்பை அமிலமும் குடலின் இடையறாத அசைவும் அங்கே கிருமிகளைப் பெருகவிடுவதில்லை. வழி அடைபட்டாலோ ஓடிய நீர் குட்டையாகின்றது. தக்க சூழலில் 20 நிமிடத்திற்கொருமுறை இரட்டிக்கவல்ல ஈகோலை முதலிய கிருமிகள் அதிற் பெருகுகின்றன. நாட்பட்ட அடைப்பில் வாந்தி மலம்போல் நாறுவது இதனாலேயே. குடல் முறுகி இரத்தவோட்டமும் தடைப்பட்டால் நிலைமை இன்னும் கொடியது. கசியும் இரத்தத்திலுள்ள இரும்பு கிருமிகளுக்கு உரமாகின்றது. நலிந்த குடற்சுவரினூடாகக் கிருமியும் நஞ்சும் வயிற்றறைக்கும் இரத்தத்திற்கும் பரவுகின்றன.

ஈகோலை யாவும் ஒரே தன்மையன அல்ல. பெரும்பாலானவை நம் குடலில் அமைதியாக வாழ்பவை. வேறு சிலவோ உடலின் எதிர்ப்பை மீறவல்ல உறை பூண்டவை. கிருமியின் புறச்சுவர், உறை, இழை ஆகியவற்றைக் கொண்டு 1940களில் அவற்றை வகைபிரித்தவர் பிரிட்ஸ் கௌஃப்மான். அவரும் நம்மைப்போல் அகதியே. 1933 இல் நாட்சி ஆட்சியினால் பெர்லினை விட்டு நீங்கி, கொப்பன்ஹேகனிலுள்ள அரச சீரம் நிறுவனத்திற் பணியாற்றியவர்.

பெரியோரின் சிறுகுடல் அடைப்பிற்கு முதற்காரணம், முன்னர் வயிற்றிற் செய்த சத்திரசிகிச்சையால் உள்ளே உண்டான வடுக்களே. ஷெல் துண்டோ சன்னமோ பாய்ந்து வயிற்றைக் கீறி உயிர் மீண்டோர் நம்மிடையே உளர். பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வடு குடலைப் பற்றி இழுக்கலாம்.

விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, வயிற்றூதல், மலமும் காற்றும் பிரியாமை ஆகியன சேர்ந்து வந்தால் பேதிமருந்தும் உணவும் வேண்டா. விடியட்டும் எனக் காத்திராது, குடும்ப வைத்தியரையோ இரவுநேர வைத்தியசேவையையோ அழையுங்கள். முகாமிலிருப்போர் தாதியிடம் கூறுங்கள். வலி ஓயாது நிலைத்து, காய்ச்சலோ மயக்கமோ கண்டால் 112. பழைய காயத்தையும் சத்திரசிகிச்சையையும் மறவாது சொல்லுங்கள். மொழி தடையாயின் 'தொல்க்' வேண்டுமெனக் கேளுங்கள்.

மூக்கினூடே இடும் குழாயைக் கண்டு அஞ்சவேண்டா. தேங்கிய நீரை வெளியேற்றவே அது. உரிய வேளையிற் சென்றால், வடுவினால் வந்த அடைப்புகள் பல கத்தியின்றியே நீங்கிவிடுகின்றன.