வான்குடையும் அழுக்கும்



போடிநாயக்கனூரில் ஏலக்காய் மணம் வீசாத தெருக்கள் குறைவு. மலையில் பறித்த பச்சைக் காய்கள், அங்கேயே ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடங்களில் காய்ந்தபின், சூடு ஆறுமுன்னரே கம்பி வலையின்மேல் தேய்க்கப்பெறும். காம்பும் பூவின் எச்சமும் உதிர்ந்துவிடும். பின்னர்ப் புடைத்துச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். இதைக் கண்டு வளர்ந்த நமக்கு, அழுக்கு என்றால் தேய்த்துப் போக்க வேண்டியது என்ற எண்ணம் இயல்பாகவே அமைந்துவிடுகின்றது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ தேய்த்தால் கெடுவது. பாராசூட் என்னும் வான்குடையைப் பற்றியே சொல்லுகிறேன்.

வான்குடைக்கும் நம் மலைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். போடிமெட்டு ஏறி அப்பால் இறங்கினால் இடுக்கி மாவட்டம். அம்மாவட்டத்து வாகமண் என்னும் ஊரின் புல்வெளிக் குன்றுகளிலிருந்து, துணிச் சிறகு ஒன்றைத் தலைக்குமேல் விரித்துக்கொண்டு, சரிவில் ஓடிக் காற்றில் ஏறிப் பறக்கின்றார்கள். இதற்குப் பாராகிளைடர் என்று பெயர். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கே பன்னாட்டு விழா ஒன்றும் நடைபெற்றது. விமானத்திலிருந்து குதிப்போர் பயன்படுத்தும் சதுர வான்குடைக்கு இச்சிறகு நெருங்கிய உறவு. இரண்டும் நைலான் துணியால் ஆனவை. இரண்டிலும் அழுக்குச் சேருவதும் ஏறக்குறைய ஒரே வழியில்தான்.

முன்னாளில் வான்குடை பட்டால் செய்யப்பட்டது. 1942-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அடெலின் கிரே என்னும் அமெரிக்கப் பெண்மணி நைலான் வான்குடையுடன் முதன்முதலாகக் குதித்துக் காட்டினார். அதன்பின் பட்டின் இடத்தை நைலான் பிடித்துக்கொண்டது.

இனி அழுக்கு எப்படி நுழைகின்றது என்று பார்ப்போம். பாராகிளைடர் ஒற்றைத் துணி அன்று. மேலொன்றும் கீழொன்றுமாக இரு துணிகள். இடையே வரிசையாகத் தடுப்புகள். முன்புறம் திறந்த வாய்கள். அவ்வாய்களின் வழியே காற்றுப் புகுந்து சிறகு உப்புகின்றது. காற்றோடு மணலும் புல்லும் பூச்சியும் புகுகின்றன. இறங்கும்போது சிறகு மூக்குக்குப்புறத் தரையில் விழுந்தால், ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக்கொள்வதும் உண்டு. புகுந்த மண் பின்விளிம்பிலும் இரு முனைகளிலும் போய்த் தங்கிவிடுகின்றது.

கொஞ்சம் மண்ணால் என்ன கேடு? துணியின் எடை சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் வரைதான். அவ்வளவு மெல்லிய துணியின்மேல் காற்றுக் கசியாதபடி சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் பூச்சு உள்ளது. சிறகைத் தாங்குவது நூல் மட்டுமன்று, அப்பூச்சும் சேர்ந்துதான். மடித்த சிறகினுள் இருக்கும் மணல், ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் உப்புத்தாளைப் போல அப்பூச்சைச் சுரண்டுகின்றது. பூச்சுப் போன துணியில் காற்றுக் கசியும். சிறகு பறக்கும் தன்மை கெடும். எளிதில் சரிந்து விழும் நிலையும் வரலாம். குறித்த அளவு காற்று துணியைக் கடக்க எத்தனை நொடி ஆகின்றது என்று அளக்கும் கருவி பழுது பார்க்கும் நிலையங்களில் இருக்கின்றது. கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும் சிறகு அக்கருவியில் தோற்றுப்போவதுண்டு.

ஆனால் மணல் செய்யும் அதே கேட்டைச் சவர்க்காரமும் தூரிகையும் இன்னும் விரைவாகச் செய்துவிடும். வீட்டுத் துணியைப்போல் ஊறவைத்துக் கும்முவதும், சலவை இயந்திரத்தில் போடுவதும், பெட்ரோல் தொட்டுத் துடைப்பதும் கூடவே கூடா. ஆகையால் இத்துறை அறிந்தோர் முதலில் கேட்கும் கேள்வி, இக்கறையை எப்படிப் போக்குவது என்பதன்று. போக்கத்தான் வேண்டுமா என்பதே. செம்மண் கறை வெறும் நிறமாக மட்டும் நின்றால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அழகுக்காகக் கழுவுவது அறியாமை.

உள்ளே தங்கிய மண்ணை மட்டும் விடக்கூடாது. பல சிறகுகளின் முனையில் இதற்கென்றே ஒட்டுப்பட்டையால் மூடிய சிறு திறப்பு வைத்திருக்கின்றார்கள். பின்விளிம்பை உயர்த்தி மெல்லக் குலுக்கினால் உலர்ந்த மண் தானே உருண்டு வந்து அத்திறப்பின் வழியே கொட்டும். ஈர மண்ணாயின் காயும்வரை பொறுக்க வேண்டும். சாணமோ சேறோ ஒட்டியிருந்தால், அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தூய நீரில் நனைத்த மென்பஞ்சால் ஒற்றி எடுத்தல் போதும். கடல்நீர் பட்டதாயின் முழுவதையும் நன்னீரில் அலச வேண்டும். உப்புப் படிகம் மணலினும் கூரியது.

புல்வெளியில் இறங்குவோர்க்கு வெட்டுக்கிளி ஒரு தொல்லை. மடிப்பினுள் சிக்கியது வெளியேற வழி காணாமல் துணியைக் கடித்தே வழி செய்துகொள்ளும்! ஆதலால் மடிக்குமுன் ஒவ்வொரு அறையையும் பார்த்துவிடுவார்கள்.

நம் மலையில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் படரும். பூச்சும் மெல்ல மெல்லச் சிதையும். ஆகவே நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரித்து உலர்த்த வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் நைலானின் வலிமையைக் குறைத்துவிடும். சூடு பரவிய ஏலக்காய் ஸ்டோரில் தொங்கவிட்டால் சீக்கிரம் காயுமே என்று யாரேனும் எண்ணக்கூடும். அச்சூடும் ஈரமும் ஒன்றுசேர்வதுதான் பூச்சுக்குப் பெரும்பகை.

கயிறுகளையும் கவனியுங்கள். ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத கயிறுகள் ஓர் ஆளைச் சுமக்கின்றன. உறையிட்ட கயிற்றினுள் நுண்மணல் புகுந்தால் உள்ளிருக்கும் இழைகளை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

விமானத்திலிருந்து குதிப்போர்க்கு மற்றுமோர் இடம் உண்டு. பழுதான முதற்குடையைக் கழற்றிவிடுவதற்குத் தோளில் மூன்று வளையங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். பில் பூத் என்னும் அமெரிக்கர் 1970-களில் அமைத்த முறை இது. பெரிய வளையத்தின் பளுவை அடுத்தடுத்த சிறு வளையங்கள் குறைத்துக்கொண்டே வர, இறுதியில் ஒரு சிறு நூற்கண்ணியும் அதனுள் செருகிய மெல்லிய வடமும் அதைத் தாங்கும். அவ்வடத்தில் அழுக்குப் பிசுபிசுத்தால் இழுக்கும் கைக்கு வலிமை போதாமற் போகலாம். எனவே அதைத் துணியால் துடைத்துச் சிறிது சிலிக்கோன் எண்ணெய் தடவுகின்றார்கள். மாதம் ஒருமுறை வளையங்களைக் கழற்றி, அவற்றைத் தாங்கும் பட்டைகளை வளைத்து நெகிழ்த்துகின்றார்கள். இங்கே அழுக்கை விட்டுவைக்கக் கூடாது. துணியில் பொறுமை, இங்கே கண்டிப்பு.

இருக்கையோடு கட்டியுள்ள ஆபத்துக்கால வான்குடையைப் பறப்பவர் தாமே கழுவுவதில்லை. அது நனைந்தால் பயிற்சி பெற்றவரிடம் கொடுத்து, விரித்து, உலர்த்தி, மறுபடி மடித்து வாங்குவார்கள்.

மலையில் இவற்றை ஜீப்பில்தான் ஏற்றிச் செல்கின்றார்கள். பின்தட்டில் பேட்டரி வைத்த இடத்தில் அமிலம் சிந்தியிருக்கலாம். ஈரம் என்று எண்ணி மூட்டையை அதன்மேல் வைத்தால் நைலான் கரைந்துவிடும். அமிலம் பட்ட இடம் சிறிதாயின் வெட்டி நீக்கிப் புதுத் துணி வைத்துத் தைப்பார்கள். பெரிதாயின் அச்சிறகை மீண்டும் பறக்க எடுப்பதில்லை.