கூரையில்லா மோட்டார்

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையன்று வேப்பூர்க் கூட்டுரோட்டில் சற்று நேரம் நின்று பார்த்தோம். சென்னைக்கும் திருச்சிக்கும் பறக்கும் மோட்டார்கள் யாவும் கண்ணாடியை ஏற்றிக் கொண்டே சென்றன. சந்தைக்கு வந்த ஆடுகள் மட்டுமே திறந்த வண்டியில் ஆனந்தமாகக் காற்று வாங்கின! அப்பொழுதுதான் நமக்கு ஆங்கிலேயரின் பழைய 'ரோட்ஸ்டர்' நினைவு வந்தது.

இருவர் அமரும், கூரையற்ற, தாழ்ந்த சிறு வண்டி அது. 1929-ல் விற்பனைக்கு வந்த எம்.ஜி. மிட்ஜெட், சாதாரண மோரிஸ் மைனரின் உறுப்புக்களைக் கொண்டே செய்யப்பட்டது. 1962-ல் பிறந்த எம்.ஜி.பி., அதன் மூடிய வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். மழையில் ஒழுகும்; அடிக்கடி மக்கர் செய்யும். ஆயினும் ஒரு ஸ்பானரை வைத்துக் கொண்டு சொந்தக்காரரே பிரித்துப் பூட்டலாம். அதன் கவர்ச்சியில் பாதி இதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

இதில் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் ஹெரால்டு என்னும் மோட்டாரைச் செய்து வந்தார்கள். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் 'ஸ்பிட்பயர்' என்ற பிரசித்தி பெற்ற ரோட்ஸ்டரைச் செய்தார்கள். ஹெரால்டின் உடல் முழுதும் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டியது. கூரையைக் கூடக் கழற்றி எடுத்துவிடலாம். முன்மூடியைத் தூக்கினால் எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். வெறும் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். அதோடு, இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை நம்மவர்கள் இங்கே செய்து காட்டினார்கள். ஸ்பிட்பயருக்கு வேண்டிய அஸ்திவாரம் நம் வாசலிலேயே இருந்தது. கட்டத்தான் ஒருவரும் முன்வரவில்லை. 1988-ல் அந்தத் தொழிற்சாலையும் மூடிப் போயிற்று.

இன்று பழைய பெயர்களுக்கு மறுபிறவி வந்திருக்கிறது. எம்.ஜி. என்னும் பெயர் சீனர் கைக்குப் போயிற்று. அப்பெயரில் 2025-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மின்சார ரோட்ஸ்டரின் விலை எழுபது லட்சத்துக்கு மேல். 2008-ல் டாட்டா கம்பெனியார் ஜாகுவாரை வாங்கினார்கள்; 2020-ல் டி.வி.எஸ். கம்பெனியார் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை வாங்கினார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எழுபது லட்சத்து வண்டியை ஒரு ஸ்பானரோடு யார் தொட முடியும்?

பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிறார்கள். மோட்டாரின் ஸ்பார்க் பிளக்கிலே தெரியும் வெள்ளைக் கழுத்தும் பீங்கான் வம்சத்தைச் சேர்ந்ததே. மண்ணும் கையும் நம்மிடம் உண்டு. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு பழைய ஹெரால்டின் கூரையைக் கழற்றி, குறுகிய சட்டத்தில் மின்சார மோட்டாரைப் பூட்டிப் பார்த்தால் என்ன? அந்த வண்டிகளை அறிந்த கிழ மெக்கானிக்குகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மாட்டுக் கொட்டகைகளில் கிடக்கும் ஹெரால்டுகள் துருவாய் உதிருமுன் அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.