ஊசி போட்ட பின் கண் சிவந்தால்...

தடுப்பூசி என்றதும் எமது தாய்மார் முதலில் கேட்பது காய்ச்சலைப் பற்றித்தான். ஆனால் 2021 மே மாத இறுதியில் யாழ் மாவட்டத்தில் பொதுமக்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னர் இன்னொரு கேள்வியும் பெண்கள் சங்கக் கூட்டங்களில் எழுந்தது. "ஊசி போட்டால் கண்ணுக்கு ஏதும் நடக்குமோ?" என்பதே அது. இன்று தரம் 6 இல் படிக்கும் பெண்பிள்ளைக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவதற்கான சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும்போதும் அதே கேள்வி கேட்கப்படுகின்றது.

இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. யுத்தத்தில் கணவனை இழந்து, தையல் மெசினையும் பனையோலையையும் நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு பெண்ணுக்குக் கண்தான் முதல். எனவே உண்மை எது, பயம் எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியமாகும்.

கண்ணின் உள்ளே வரும் அழற்சி

கண் சிவப்பதெல்லாம் ஒரே நோயல்ல. வீட்டில் ஒருவருக்கு வந்து மற்றவர்களுக்கும் தொற்றும் சாதாரண கண்நோயில் கண் உறுத்தும், பீளை கட்டும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சில நாட்களில் அது மாறிவிடும்.

இன்னொரு வகை, கண்ணின் உள்ளே ஏற்படும் அழற்சியாகும். கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள பகுதியையும், அதன் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த நடுப்படையையும் இது தாக்கும். வைத்தியர்கள் இதனை யூவியைற்றிஸ் என்பார்கள். இதில் பீளை வருவதில்லை. கருவிழியைச் சுற்றிச் சிவக்கும், கண் ஆழமாக நோகும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசும், பார்வை மங்கும். கவனிக்காமல் விட்டால் கண்புரையும், கண்ணின் அழுத்தம் கூடும் குளுக்கோமாவும் ஏற்பட்டுப் பார்வையே பறிபோகலாம்.

காசநோய், ஹேர்பீஸ் வைரஸ், சில மூட்டுவாத நோய்கள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. பலருக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை.

தடுப்பூசி காரணமாகுமா?

ஆகலாம், ஆனால் மிக அரிதாக. பி.சி.ஜி., எம்.எம்.ஆர்., ஹெப்பற்றைற்றிஸ் பி, எச்.பி.வி., கொரோனா ஆகிய தடுப்பூசிகளுக்குப் பின்னர் இவ்வாறான அழற்சி ஏற்பட்ட சம்பவங்கள் உலகின் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. நோயை எதிர்க்கத் தூண்டப்படும் உடலின் எதிர்ப்புச் சக்தி சிலரில் கண்ணின் உட்பகுதியையும் தாக்குவதால் இது ஏற்படக்கூடும் எனக் கருதப்படுகின்றது. பெரும்பாலும் ஊசி போட்ட சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் இது தென்படும். உரிய நேரத்தில் துளிமருந்து விட்டால் பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும்.

இங்கும் பலருக்கு மூன்றாவது ஊசியாகப் போடப்பட்ட பைசர் தடுப்பூசியைப் பெற்ற 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இஸ்ரேலில் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 2022 இல் வெளிவந்தது. வழமையாக வரக்கூடியதை விட, ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவருக்கே இந்த அழற்சி கூடுதலாக வந்திருந்தது.

ஊசி போட்ட பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகிவிடாது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை எமக்குத் தெரிந்ததுதானே? அதேவேளை, எல்லாமே காகத்தின் கதைதான் என்று சொல்லி நோகும் கண்ணைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. எது என்பதைச் சொல்ல வேண்டியவர் கண் வைத்தியரே.

செய்யக்கூடாதவை

கண் சிவந்தால் முலைப்பால் விடுவதும் நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதும் இன்னும் எமது ஊர்களில் நடக்கின்றது. இவற்றால் கிருமி தொற்றலாம். அதைவிட ஆபத்தானது, வைத்தியரிடம் காட்டாமல் மருந்துக்கடையில் துளிமருந்து வாங்கி விடுவது. ஸ்ரெரோயிட் கலந்த துளிமருந்து யூவியைற்றிஸுக்கு நல்ல மருந்து. ஆனால் அதே மருந்து ஹேர்பீஸ் கிருமியால் வந்த புண்ணை மோசமாக்கும். நீண்டநாள் விட்டால் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகம் தந்த மருந்து உங்கள் கண்ணைக் கெடுத்துவிடலாம்.

நோவு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்பது உண்மைதான். பார்வை போனால் இழப்பது ஒருநாள் கூலியை அல்ல. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, எந்த ஊசி, எந்தத் திகதியில் போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

நோய் பறிக்கும் கண்கள்

ஊசியால் கண்ணுக்கு வரும் ஆபத்தைப் பேசும் நாம், ஊசி போடாததால் வரும் ஆபத்தையும் பேச வேண்டும். போசாக்குக் குறைந்த பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் கருவிழி புண்ணாகிப் பார்வை போகலாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளை கண்புரையோடும், காது கேளாமலும், இருதயக் கோளாறோடும் பிறக்கலாம்.

இலங்கையில் சின்னமுத்துத் தடுப்பூசி 1984 இலும் ருபெல்லாத் தடுப்பூசி 1996 இலும் அறிமுகமாயின. சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக 2019 இல் அறிவிக்கப்பட்டும், 2023 இல் அது நாட்டில் மீண்டும் பரவியது. நோய் தூரப் போய்விட்டது என்று நாம் ஊசியைக் கைவிட்டால் அது திரும்பி வரும்.

இடப்பெயர்வுகளில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த பெண்கள் எம்மிடையே ஏராளம். 1995 இலும் 2009 இலும் உயிரைக் காப்பதா, அட்டையைக் காப்பதா என்ற நிலைதானே இருந்தது? ருபெல்லா ஊசி போட்டதா என்று தெரியாத இளம்பெண்கள் கருத்தரிக்க முன்னரே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது அந்த ஊசியைப் போடக்கூடாது.

சொல்வது உங்கள் உரிமை

தடுப்பூசிக்குப் பின் ஏற்படும் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்யும் முறை எமது நாட்டில் 1996 முதல் உண்டு. ஆனால் ஒரு பெண் வாய் திறந்து சொன்னால்தான் அது பதிவாகும். 2023 இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் கண்கள் ஒரு துளிமருந்தால் பாதிக்கப்பட்டமை வெளியே தெரிய வந்ததால்தான் அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை கண்கள் பாதிக்கப்பட்டிருக்கும்?

ஏற்கனவே கண் அழற்சியோ மூட்டுவாதமோ உள்ளவர்கள் ஊசி போட முன்னரே அதைச் சொல்ல வேண்டும். ஊசியின் பின் கண் பாதிக்கப்பட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ தெரிவியுங்கள். அடுத்த ஊசியைப் போடுவதா, பொறுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். "தெரியாத விசயத்தை நாங்கள் என்னத்தைக் கேட்கிறது?" என்று தயங்க வேண்டாம். முகாமில் நிவாரணத்துக்கும், காணாமல் போனோருக்காகப் பணிமனைகளிலும் கேள்வி கேட்டுப் பழகிய பெண்கள் நாங்கள். எமது கண்ணுக்காகவும் பிள்ளைகளின் கண்ணுக்காகவும் கேட்பதற்கு ஏன் தயங்க வேண்டும்?